செஞ்சியைப் பிடித்தவர்களும் கடித்தவர்களும்

செஞ்சிக் கோட்டை வரலாறு என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தது, பத்திர ஆபீஸில் வாங்கிய வில்லங்கச் சான்றிதழ் மாதிரி இருக்கும். கோனார்கள் கட்டினார்கள், விஜயநகரத்தார் எடுத்தார்கள், நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள், பீஜப்பூர்க்காரர்கள் பிடுங்கினார்கள், 1677இல் சிவாஜி வந்தார், எட்டு வருஷம் முற்றுகை போட்டு 1698இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் நுழைந்தார், 1714இல் தேசிங்குராஜா சண்டையில் செத்துப்போனார், 1750இல் பிரெஞ்சுக்காரன், 1761இல் இங்கிலீஷ்காரன். வருஷம் தப்பாமல் எழுதினால் ஐந்து மார்க். தேசிங்குராஜாவுக்காகக் கொஞ்சம் உருகி எழுதினால் கூட ஒரு மார்க்.

இதில் ஒரு தரப்பின் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் வராது. அந்தத் தரப்பு யாரிடமிருந்தும் கோட்டையைப் பிடிக்கவில்லை, யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. வரி கேட்கவில்லை, நாணயம் அடிக்கவில்லை, கல்வெட்டு வெட்டவில்லை. கடித்தது, கொட்டியது, அவ்வளவுதான். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஜனங்களுக்கு ராஜாக்களைவிட இந்தத் தரப்போடுதான் பழக்கம் ஜாஸ்தி. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து கதையை ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.

பிரெஞ்சுக்காரர்களிலிருந்து ஆரம்பிப்போம். வாங்கிக் கட்டிக்கொண்டதில் அவர்களுக்குத்தான் முதல் ரேங்க்.

சுல்பிகர்கான் எட்டு வருஷம் வாசலில் உட்கார்ந்து எடுத்த கோட்டையை, புஸ்ஸி என்கிற பிரெஞ்சுத் தளபதி 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் எடுத்துவிட்டார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் தலைகால் புரிந்திருக்காது. ஆனால் ராத்திரியில் உள்ளே நுழைந்தது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று புஸ்ஸிக்குச் சொல்ல ஆளில்லை. ராத்திரிதான் எதிர்த்தரப்பு வேலைக்கு வரும் நேரம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆங்கிலேயர்கள் தங்கள் கெசட்டியரில் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஒரு சமயத்தில் 100 வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மேல் செஞ்சியில் நிறுத்தியதில்லையாம். ஆனால் பத்து வருஷத்தில் 1,200 பேரைப் பறிகொடுத்தார்களாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 120. இருந்ததோ 100. இருப்பைவிடச் செலவு அதிகம். பாண்டிச்சேரியிலிருந்து செஞ்சிக்கு மாற்றல் உத்தரவு வாங்கிய சிப்பாய் என்ன மனநிலையில் மூட்டை கட்டியிருப்பான் என்று நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. அந்நாளைய கர்நாடிக் பிரதேசத்திலேயே உடம்புக்கு ஆகாத ஊர் என்று செஞ்சிக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்து டாக்டர்கள் சொன்ன காரணம், கெட்ட காற்று. சதுப்பிலிருந்து ஒரு நச்சு ஆவி கிளம்பி மூக்கு வழியாக உள்ளே போய்க் காய்ச்சலாக மாறுகிறது என்று தலையில் விக் வைத்துக்கொண்டு அடித்துச் சொன்னார்கள். கோட்டைக்குள்ளேயே செட்டிக்குளம் இருக்கிறது, சக்கரக்குளம் இருக்கிறது, சுற்றிலும் அகழி இருக்கிறது, மழை பெய்தால் பாறைக்குப் பாறை பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. சிப்பாய் ஆவி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்கழுத்தில் அனாபிலிஸ் கொசு வந்து உட்கார்ந்திருக்கும். மற்றக் கொசுக்கள் உடம்பைக் கிடையாக வைத்து உட்காரும். இது மட்டும் பின்பக்கத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, மரியாதையாகக் கடிக்கும். சத்தமும் பெரிதாக இருக்காது. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்து மலேரியாக் கிருமியைக் கண்டது 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி. அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே செஞ்சிக் கொசுக்கள் செய்முறை விளக்கம் கொடுத்து முடித்துவிட்டன. ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொசுவுக்கு டி.டி.டி. கிடைத்தது.

1761 ஏப்ரலில் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1780இல் ஹைதர் அலி எடுத்தார். அப்புறம் யாரும் செஞ்சியைக் கேட்டுப் பெரிதாகச் சண்டை போடவில்லை. பீரங்கி மாறிவிட்டது, போர்முறை மாறிவிட்டது, கோட்டையின் மதிப்பு குறைந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். அதுவும் இருக்கலாம்.

இதே செஞ்சியில் கடியை வேறு மாதிரி எதிர்கொண்டவர்களும் இருந்தார்கள். ஊருக்கு வடக்கே திருநாதர்குன்று என்று ஒரு மொட்டைப் பாறை. 24 தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கும். அங்கே ஒரு கல்வெட்டு, சந்திரநந்தி என்கிற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டதைச் சொல்கிறது. இளையபட்டாரர் என்று இன்னொருவர் 30 நாள். சமணத் துறவிக்கு விதி கடுமை. எறும்பை மிதிக்கக் கூடாது, கொசுவைத் தட்டக் கூடாது, மேலே ஏறினால் ஊதித் தள்ளக்கூட யோசிக்க வேண்டும். அந்த 57 நாளும் நோன்பு அவருக்கு மட்டும்தான், கொசுவுக்கு இல்லை. கல்வெட்டு வெட்டியவர் இந்தப் பகுதியை விட்டுவிட்டார். என்னைக் கேட்டால் பசியைத் தாங்கியதைவிட இதுதான் பெரிய துறவு. செஞ்சியில் கொசுவிடம் தோற்காமல் போனவர் என்று தேடினால் எனக்கு அவர் ஒருவர்தான் அகப்படுகிறார்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு குன்றைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டியதாகக் கல்வெட்டில் பெருமையடித்துக்கொண்டான். கலை வரலாற்றுக்காரர்கள் இதைத் திராவிடக் கட்டடக்கலையின் திருப்புமுனை என்று பத்துப் பக்கம் எழுதுவார்கள். எங்கள் ஊர்க்காரனுக்குக் காரணம் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும்: கரையான். இந்த மண்ணில் மரத்தை நட்டு வீடு கட்டிய எவனும் மூன்றாம் வருஷம் உத்தரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவான். ராஜா என்பதால் உத்தரத்தை மாற்றிக்கொண்டிருக்காமல் மலையையே குடைந்துவிட்டான். கரையான் தோற்றது. ஆனால் குடைந்த இடம் இருட்டாக, குளுமையாக, வசதியாக இருந்ததால் வௌவாலுக்கும் குளவிக்கும் தேனீக்கும் ராஜா இலவச மனை கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. மும்மூர்த்திகளின் சிலைகள் இன்று அங்கே இல்லை. மற்றவர்கள் இருக்கிறார்கள்.

தேனீ என்று சொல்லிவிட்டேன். செஞ்சி வட்டாரத்துப் பாறைகளில் பெரிய அரைவட்டமாக, கறுப்பாக, தலைகீழாகத் தொங்குவது மலைத்தேனீ. தூரத்திலிருந்து பார்த்தால் பாறையில் யாரோ தார் பூசியது என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பக்கத்தில் போனால் அந்தத் தார் அசையும். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரை ஒரு அலை ஓடும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கி இறக்குவதால் வருகிற அலை. தேனீயைப் பிடித்துத் தின்ன வரும் குளவிக்கு அது எச்சரிக்கை. உங்களுக்கும்தான். சுற்றுலா வந்த கல்லூரிப் பையன் அதைக் ‘கியூட்’ என்று வீடியோ எடுப்பான். பக்கத்தில் நிற்கிறவன் சென்ட் அடித்திருப்பான், இன்னொருவன் சிகரெட் பற்றவைப்பான், மூன்றாமவன் தோழிகள் பார்க்கிறார்களே என்று ஒரு கல்லை எடுப்பான். இந்த மூன்றும் தேனீக்குப் பிடிக்காதவை. முதல் தேனீ கொட்டும்போது கொடுக்கு சதையிலேயே மாட்டிக்கொள்ளும், குடல் பிய்ந்து அது செத்துப்போகும். ஆனால் கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாசனை அடிக்கும் ஒரு வேதிப்பொருள் கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அது முகவரிச் சீட்டு. பிறகு கோட்டைக் குன்றான ராஜகிரியின் அத்தனை படிகளையும் அந்தப் பையன் இறங்குகிற வேகத்தைப் பார்த்தால், சுல்பிகர்கான் இந்த வழியில் முயற்சி செய்திருந்தால் எட்டு வருஷம் ஆகியிருக்காதே என்று தோன்றும்.

2025 ஜூலையில் மராட்டியப் போர்க் கோட்டைகள் என்று பன்னிரண்டைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததில், தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான் இருக்கிறது. மலையேறும் வழியில் உங்கள் பையில் இருக்கும் முறுக்குப் பாக்கெட்டுக்கு உரிமை கொண்டாட வரும் குரங்குகளும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்த்தியா என்று ஆவணத்தில் தெளிவாக இல்லை.

ராஜா கதை போதும். குடும்பக் கதைக்கு வருவோம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் உள்ளடங்கி ஒரு கிராமம், அம்மாவின் ஊர். கோடை லீவு முழுக்க அங்கேதான். கொல்லி என்று எங்கள் பக்கம் சொல்கிற வயலின் வரப்பில் வரிசையாகப் பனைமரம். அதில் ஒன்றில் நுங்குக் குலைக்குப் பக்கத்தில் கதண்டு கூடு கட்டியிருந்தது. கதண்டைத் தெரியாதவர்களுக்கு: அது பெரிய குளவி, வயிற்றில் மஞ்சள் பட்டை போட்டது. பட்ட மரத்தைச் சுரண்டி, எச்சிலில் குழைத்து, காகிதமாக்கி அதிலேயே வீடு கட்டும். கிட்டத்தில் பார்த்தால் சாம்பலும் காவியும் வெள்ளையும் வரிவரியாக, ஒரு குடத்தைக் கவிழ்த்த அளவுக்கு இருக்கும். பக்கவாட்டில் ஒரே ஒரு ஓட்டை, வாசலில் எப்போதும் இரண்டு காவலாளிகள். தேனீக்குக் கொடுக்கில் முள் இருப்பதால் ஒருமுறைதான் கொட்ட முடியும். கதண்டுக்குக் கொடுக்கு வழவழப்பு. குத்தும், உருவும், மறுபடி குத்தும், சாகாது, களைக்காது.

எண்பதுகளில் ஒரு சித்திரை மாதம். அன்றைக்குச் சித்தியைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பசங்கள் வீட்டுக்குள் இருந்தால் பஜ்ஜி மிஞ்சாது என்று ஆயா எங்களை வெளியே விரட்டிவிட்டார். அந்த ராஜதந்திரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் அண்ணன், இடுப்பில் உண்டிகோல் செருகியிருந்தான்.

“நுங்கு வேணுமா, வேணாமா?” என்றான்.

“கதண்டு கீதே அண்ணா.”

“அது தூங்குதுடா.”

நடுப்பகலில் கதண்டு தூங்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை விசாரணையில் இருக்கிறது. முதல் கல் மட்டையில் பட்டது. இரண்டாவது கல் நேராகக் கூட்டுக்குள் போய்விட்டது, வெளியே வரவில்லை. ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அந்த ஓட்டையிலிருந்து புகை மாதிரி ஏதோ வந்தது. புகைக்குச் சத்தம் கிடையாது, இதற்கு இருந்தது.

நாங்கள் சின்னப் பசங்கள் மல்லாட்டைக் (வேர்க்கடலைக்) கொடி மேலேயே குப்புற விழுந்து கிடந்தோம். அண்ணன் வீரன், ஆகையால் ஓடினான். ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் மிச்சம், அதில் போய் விழுந்தான். தண்ணீருக்குள் போனால் விட்டுவிடும் என்று சினிமாவில் காட்டுவார்கள். விடாது; மேலேயே சுற்றிக்கொண்டு மூச்சு வாங்க வருகிற தலைக்காகக் காத்திருக்கும். மேலே கதண்டு என்றால் கீழே சேற்றில் தேளி மீன். கெளுத்தி இனம், பக்கத் துடுப்பில் விஷ முள். ஏரி வற்றும் காலத்தில் எல்லாத் தேளியும் அந்தக் கடைசிச் சேற்றில்தான் ஒண்டியிருக்கும். அண்ணன் காலை ஊன்றிய இடத்தில் ஒன்று இருந்தது. ஒரே மனிதன் ஒரே நேரத்தில் இரு முனையிலும் தாக்கப்பட்டது எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. அவன் போட்ட கூச்சலில் மேய்ந்துகொண்டிருந்த எருமை மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடியது. அதன் முதுகிலும் இரண்டு மூன்று கதண்டு.

சரியாக அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வாடகைக் கார் தெருமுனையில் நின்றது. மாப்பிள்ளை கீழே இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, தலையைச் சீவி, பவுடர் ஒற்றி, பளபளவென்று நிமிர்ந்தார். எருமை அவரைத் தாண்டிப் போய்விட்டது. எருமையோடு வந்தவை போகவில்லை.

ஒன்று மூக்கில், துவாரத்தின் விளிம்பில். இன்னொன்று மேலுதட்டில்.

இது எவ்வளவு விசேஷமான நிகழ்ச்சி என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அமெரிக்காவில் அரிசோனாவைச் சேர்ந்த ஜஸ்டின் ஷ்மிட் என்கிற பூச்சியியல்காரர் பலவகை எறும்பு, குளவி, தேனீயிடம் கொட்டு வாங்கி, வலிக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை மார்க் போட்டுவைத்தார். தேனீக்கு 2. தென்னமெரிக்கப் புல்லட் எறும்புக்கு 4. அவரைப் பார்த்து மைக்கேல் ஸ்மித் என்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: உடம்பில் எங்கே கொட்டினால் அதிகம் வலிக்கும்? பதிலுக்காகத் தன் உடம்பில் 25 இடங்களில் தேனீயைப் பிடித்துவைத்துக் கொட்டவிட்டார். மூக்குத் துவாரம் முதலிடம், மேலுதடு இரண்டாமிடம். மூன்றாமிடத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. 2015இல் இருவருக்கும் சேர்த்து ‘இக் நோபல்’ பரிசு கொடுத்தார்கள், சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்கான பரிசு. எங்கள் மாப்பிள்ளைக்கு முதல் இரண்டு இடங்களும் ஒரே நிமிஷத்தில், அதுவும் தேனீயைவிடப் பெரிய கையால், எந்தப் பல்கலைக்கழக உதவியும் இல்லாமல் கிடைத்தன. பரிசு தர ஆளில்லை.

ஆயாதான் வைத்தியம். முதலில் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு. மாப்பிள்ளை மூக்கில் வெள்ளையாக அப்பினார். பிறகு வெங்காயம். பிறகு யாரோ சொன்னார்கள் என்று மஞ்சள். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் அரைமணி நேரத்தில் கூத்துக்கு வேஷம் கட்டியவர் ஆகிவிட்டார். உதடு வீங்கி மூக்கைத் தொட்டது, மூக்கு வீங்கிக் கண்ணைத் தொட்டது. பெண்ணை வரச் சொன்னார்கள். சித்தி காபித் தட்டோடு வந்து நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளைக்குப் பேச வரவில்லை, “ம்ம்” என்றார். காபி குடிக்கவும் முடியவில்லை. சொம்பில் தண்ணீர் கேட்டு மூக்கை அதில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆயா அவனைப் பார்த்ததும் அழவில்லை.

“இன்னாத்துக்குடா அதப் போயி சீண்டுன? அது பாட்டுக்கு அது கீது, நீ பாட்டுக்கு நீ இருக்கறதுதான? சீமைல இல்லாத நுங்கு!”

அவன் குதிகாலுக்குப் புளியங்கொட்டை வைத்தியம். அதெல்லாம் தேளுக்குச் செய்கிறது. தேளிக்கும் ஓரெழுத்துதானே வித்தியாசம் என்று ஆயா முடிவெடுத்துவிட்டார். புளியமரம் புளியமரமாக நிற்கும் திண்டிவனத்துப் பக்கம் கொட்டைக்குப் பஞ்சமில்லை. கொட்டையைக் கருங்கல்லில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் கடிவாயில் அழுத்த வேண்டும். ஒட்டிக்கொள்ளும். விஷத்தை உறிஞ்சி முடித்ததும் தானாக விழுந்துவிடும் என்பது ஐதீகம். விஷம் இல்லாத இடத்தில் ஒட்டினாலும் அதே நேரத்துக்கு விழும் என்று நாங்கள் பலமுறை சோதித்திருந்தோம், ஆயாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. பக்கத்துத் தெரு மந்திரிக்கிற தாத்தா வேப்பிலையோடு வந்து, ஒரே தட்சிணையில் கதண்டுக்கும் தேளிக்கும் சேர்த்து இறக்கினார்.

கல்யாணம் நடந்தது. அந்த முகத்துக்கு எப்படிச் சம்மதித்தாய் என்று சித்தியைக் கேட்டால் இன்றும் ஒரே பதில்தான்: “அந்த மூஞ்சிக்கே சரின்னுட்டேன். வீக்கம் வத்தினா லாபந்தான?” சித்தப்பா இதைக் கேட்டுக்கொண்டே பேப்பர் படிப்பார்.

தேளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். கீத்துக் கொட்டகையிலும் விறகு அடுக்கிலும் இருக்கிற பெரிய கருந்தேள் பார்க்க ராட்சசன், ஆனால் கொட்டினால் பெரும்பாலும் வலியோடு சரி. ஒரு விரல் நீளம்கூட இல்லாத செந்தேள்தான் எமன். அதன் விஷம் இதயத்தைப் பிடிக்கும், நுரையீரலில் நீர் கோக்கும், குழந்தைகள் தாங்க மாட்டார்கள். புளியங்கொட்டையும் வேப்பிலையும் செந்தேளிடம் தோற்ற கதைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு, யாரும் அதைத் திண்ணையில் சொல்வதில்லை. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற டாக்டர் எண்பதுகளில், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் என்ற சாதாரண மாத்திரையே இதற்கு மருந்து என்று கண்டுபிடித்தார். கொட்டுப்பட்டு வந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை செத்த இடத்தில், அது நூற்றுக்கு ஒன்று என்கிற அளவுக்கு இறங்கியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஆகவே தேள் கொட்டினால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ, எது பக்கமோ அந்த ஆஸ்பத்திரிக்கோ ஓடுங்கள். போகிற வழியில் வண்டியை நிறுத்தி வேப்பிலை ஒடிக்க வேண்டாம்.

இவை எல்லாம் தனித்தனியாகக் கடிப்பவை. கட்சி ஊர்வலமாக வந்து கடிப்பது கம்பளிப்பூச்சி. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.எம்.வி. என்று ஆரம்பிக்கும் மல்லாட்டை ரகங்கள் அங்கே பிறந்தவை. விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் பாடுபட்டு ஒரு ரகத்தைத் தயாரித்துக் கொடுப்பார்கள். சிவப்புக் கம்பளிப்புழு ஒரு வாரத்தில் அதைச் சுவைபார்த்து முடித்துவிடும். பூமிக்குள் கூட்டுப்புழுவாகப் பத்து மாதம் போல் தூங்கும். முதல் நல்ல மழை பெய்ததும், விவசாயி விதையைத் தூக்கிக்கொண்டு கொல்லிக்கு ஓடுகிற அதே நேரத்தில், அதுவும் அந்துப்பூச்சியாக வெளியே வந்துவிடும். மழை வருமா வராதா என்று வானிலைக்காரர்கள் குழம்புவார்கள், இது குழம்பாது. முட்டை, புழு, பிறகு படையெடுப்பு. ஒரு கொல்லியை மொட்டையடித்துவிட்டு ரோட்டைக் கடந்து அடுத்த கொல்லிக்குப் போகும். வரப்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டுவார்கள், ராத்திரி சொக்கப்பனை போல் நெருப்பு மூட்டுவார்கள், பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கட்டி அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு வைப்பார்கள். அந்துப்பூச்சி வெளிச்சத்துக்கு வந்து விழும். விளக்கைக் காவல் காக்கிற சாக்கில் ஆண்கள் அங்கேயே சீட்டுக்கட்டை எடுப்பார்கள். விடிந்து பார்த்தால் புழு கொஞ்சம் செத்திருக்கும். மிச்சம் காயப்போட்ட வேட்டி, துண்டு, உள்பாவாடை எல்லாவற்றிலும் முடியை உதிர்த்துவிட்டுப் போயிருக்கும். அந்த வாரம் ஊரே நின்றுகொண்டு சொறியும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் யார் கையைத் தூக்கினார்கள், யார் அக்குளைச் சொறிந்தார்கள் என்று தலைவருக்குத் தெரியாமல் தீர்மானங்கள் நிறைவேறும்.

இந்தப் பட்டியலில் இருக்கிற எதற்கும், பாம்புக்கும்கூட, பயப்படாமல் வாழ்ந்தவர்கள் என்று பார்த்தால் பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்கள்தான். மாசி சடையன், வடிவேல் கோபால் என்று பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் இருவரை 2017இல் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே பர்மிய மலைப்பாம்பு பெருகிக் காட்டையே காலி செய்துகொண்டிருந்தது. பயிற்சி நாய், போட்டிப் பரிசு என்று என்னென்னவோ செய்துபார்த்த ஊர். இவர்கள் ஒரு இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பாம்பு. அதில் பதினாறு அடிப் பெண் பாம்பு ஒன்று கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்துக்குள் படுத்திருந்தது. ரஷ்யாக்காரன் வருவான் என்று வானத்தைப் பார்த்துக் கட்டிய தளம். பாம்பு தரையோடு வந்துவிட்டது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. ஊரில் பாம்பு வந்தால் ஓடிப்போய்க் கூப்பிடவும், கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் இருக்கவும் தெரிந்த நாம் செய்தியைப் படித்துப் பெருமைப்பட்டோம்.

அண்ணன் இப்போது ரியல் எஸ்டேட். திண்டிவனத்துப் பக்கம் உண்டிகோல் வைத்திருந்த எல்லாருமே இப்போது ரியல் எஸ்டேட்தான். போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு பார்ட்டியை அந்த வரப்புக்கே அழைத்துப் போனான். கொல்லி இருந்த இடத்தில் கல் நட்டு, பெயின்ட் அடித்து, நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதால் மரங்கள் மட்டும் நின்றன. வந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி, எதையும் கேட்டுத் தெளிவுபெறுகிறவர்.

“இடத்துல வேற யாரும் உரிமை கொண்டாட மாட்டாங்களே?”

“கிளியர் டைட்டில் சார். ஒரு ஈ காக்கா வராது.”

வந்தவர் மரத்தை அண்ணாந்து பார்த்து, “அது என்ன, பானையா? கள்ளு இறக்கறாங்களா?” என்று கையில் இருந்த குடையால் மட்டையைத் தட்டினார்.

அதிகாரி காருக்குள் பாய்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அண்ணன் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. ரோடு வரைக்கும் ஓடி, டீக்கடைத் தட்டிக்குள் புகுந்து, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நடுங்கும் கையால் 101க்குப் போன் போட்டிருக்கிறான். அந்தப் பக்கம் ஃபோன் எடுத்தவர் நிதானமாகக் கேட்டாராம்:

“சொல்லுங்க, எங்க எரியுது?”

“உடம்பு பூரா எரியுது சார்!”